பாட்குலி, மூன்றாம் வார்டு

மேற்கே ஹூக்ளி.
கிழக்கே சியால்தா போகும் தண்டவாளம்.
வடக்கே கதவு துருவேறிய சணல் மில்,
தெற்கே இன்னும் சங்கு ஊதுகிற சணல் மில்.
எல்லைக்கு நாலு வரி போதும் என்றார் மேற்பார்வையாளர்.
எழுதிவிட்டேன்.
பரப்பளவில்தான் பேனா நின்றது.
போன கணக்கெடுப்பில் கரையில் இருந்த படித்துறை
இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது,
ஏழு படிகள், ஓர் அரசமரம், ஒரு டீக்கடையின் அடுப்பு.
ஆறு எடுத்தது போக மிச்சம் எவ்வளவு என்றேன்.
"பழைய எண்ணையே போடுங்கள், திதிமணி."

பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள் நான்.
கரும்பலகையில் ஆறு எப்போதும் நீலச் சாக்பீஸ்.
இங்கே அது பால் குறைந்த தேநீர்,
நாளைக்கு இரண்டு தடவை
எதையோ மறந்து வைத்துவிட்ட ஆள் போல
வந்த வழியே திரும்பி நடக்கிறது.

கூலி லைன், பதினேழாம் எண்.
எட்டடிக்குப் பத்தடி. ஒரு கட்டில்.
வீட்டில் எத்தனை பேர்?
ராம்சூரத் மஹதோ யோசித்தார்.
"இப்பவா?"
காலை ஷிஃப்ட் அவர், மதியம் ஜக்தேவ்,
இரவு ஆரா பக்கத்துக் கைமுதீன்.
ஒருவர் எழுந்த சூட்டில் அடுத்தவர் படுக்கிறார்.
மூன்று தலைகளையும் ஒரே நேரத்தில்
அந்தத் தலையணை பார்த்ததே இல்லை.
குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில்
நியாயமாகக் கட்டிலைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

பதினெட்டில் அப்பலநரசம்மா, நிறைமாதம்.
தாய்மொழி?
"வீட்ல தெலுங்கு. குழாயடியில ஹிந்தி.
உங்ககிட்ட வங்காளம்.
மிஷின் ஓடுறப்ப எதுவும் கேக்காது,
உதட்டைப் பார்த்தே பேசிக்குவோம்."
கடைசி மொழிக்குக் குறியீட்டெண் இல்லை.

பிப்ரவரி இருபத்தெட்டு, நள்ளிரவு,
வீடற்றோர் கணக்கு.
டார்ச்சோடு படகுத்துறைக்குப் போனோம்.
எடைமேடைக்கு அடியில் ஆறு பேர்,
கவிழ்த்த படகின் வயிற்றுக்குள் இரண்டு பேரும் ஒரு நாயும்.
படகுக்காரன் போர்வைக்குள்ளிருந்தே கேட்டான்:
"எண்ணினா ஏதாவது குடுப்பாங்களா?"
இல்லை என்றேன்.
"அப்ப சீக்கிரம் எண்ணிட்டுப் போங்க."

விடிந்தபோது சங்கு ஊதவில்லை.
முதலில் யாருக்கும் என்ன குறைகிறது என்று தெரியவில்லை.
பாலுக்கு நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள்.
மில் கேட்டில் ஒட்டிய தாளில் பசை இன்னும் ஈரம்:
மறு அறிவிப்பு வரும்வரை வேலை நிறுத்திவைப்பு.

மூன்றாம் தேதி திருத்தச் சுற்று.
பதினேழின் பூட்டுக்கு வெளியே
கட்டில் சுவரில் சாய்ந்து நின்றது.
முதல் தடவையாக மூவரும் ஒரே ரயிலில்.
விதி தெளிவாக இருக்கிறது:
மார்ச் ஒன்று, பூஜ்ஜிய மணிக்கு அவர்கள் இங்கே இருந்தார்கள்.
இனி அடுத்த கணக்கு வரும்வரை
எங்கே மூட்டை தூக்கினாலும்
பாட்குலியில்தான் வசிப்பார்கள்.

பதினெட்டில் அழுகை.
துணி மூட்டை அளவுக்கு ஒரு பெண்.
எப்போது?
"அன்னிக்கு ராத்திரி, பன்னிரண்டு அம்பது."
ஐம்பது நிமிடம் தாமதம். விதி தெளிவாக இருக்கிறது.
பேனாவை மூடினேன்.
அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.
"டீச்சர், நான் பார்த்தது மில் கடிகாரம்.
யாரும் லேட்டா வரக்கூடாதுன்னு
அதை எப்பவும் ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சிருப்பாங்க.
மில்லுல எல்லாருக்கும் தெரியும்."

எனக்குத் தெரியாது.
இருபது வருடமாக அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான்
பள்ளிக்கு மணி அடிக்கிறோம்.

எழுநூற்றுப் பன்னிரண்டை அடித்து
எழுநூற்றுப் பதின்மூன்று என்று எழுதினேன்.
வயது பூஜ்ஜியம். பெயர் இன்னும் வைக்கவில்லை.
லைனுக்குப் பின்னால்
ஆறு திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தது.